கொடுத்த வாக்கும் காத்த உயிர்களும்
அமீர் அப்துல் காதிர் அல்ஜஸாயிரீ (ரஹ்) அவர்களின் வாழ்வு



மலருக்குப் பெரியார் ஒருவரின் சரிதை வேண்டும் என்றதும் ஸஹாபாக்கள், இமாம்கள், இறைநேசர்கள் ஆகியோரின் திருநாமங்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. அவர்களைப் பற்றி நம் ஆலிம் பெருமக்கள் எழுதியும் பேசியும் வருகிறார்கள். இம்முறை, நம் முப்பாட்டனார் காலத்தில் வாழ்ந்து மறைந்த ஒருவரை எடுத்துக்கொண்டோம். பெயர் புதிதன்று. நம் ஊர் வாக்காளர் பட்டியலைப் புரட்டினால் பக்கத்திற்குப் பக்கம் அப்துல் காதர்களும் முஹ்யித்தீன்களும் இருப்பார்கள். பக்தாதில் அடங்கியிருக்கும் கௌதுல் அஃழம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானீ (ரஹ்) அவர்கள் மீது நம்மவர்கள் கொண்ட பேரன்பே அதற்குக் காரணம். அதே அன்பினால், அதே பெயர்களைத் தந்தையும் மகனுமாகச் சூட்டிக்கொண்ட ஒரு குடும்பம் அல்ஜீரியாவில் இருந்தது. தந்தை முஹ்யித்தீன், மகன் அப்துல் காதிர்.

அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியில் மஸ்கரா நகருக்கு அருகே கைத்தனா என்னும் சிற்றூரில், ஹிஜ்ரி 1223இல், அதாவது 1808ஆம் ஆண்டில் அமீர் அவர்கள் பிறந்தார்கள். தந்தையார் காதிரிய்யா தரீக்காவின் ஷைகு. அவர்கள் நடத்திய ஸாவியாவில் மார்க்கக் கல்வியும் வழிப்போக்கர்க்கு உணவும் தங்குமிடமும் கிடைத்தன. தாயார் ஸுஹ்ரா அம்மையார் கல்வியறிவு பெற்றவர்கள். அமீர் அவர்கள் இளம் பருவத்திலேயே குர்ஆனை மனனம் செய்து ஹாஃபிழ் ஆனார்கள். ஃபிக்ஹும் ஹதீஸும் கற்றார்கள். கூடவே குதிரையேற்றத்திலும் சிறந்து விளங்கினார்கள். பிற்காலத்தில் பிரெஞ்சுத் தளபதி ஒருவர் அரபுக் குதிரைகளைப் பற்றி எழுதிய நூலுக்கு, ஒரு காலத்தில் தம்மை எதிர்த்துப் போரிட்ட அமீர் அவர்களிடமே விளக்கங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார் என்பது சுவையான செய்தி.

1825ஆம் ஆண்டில் தந்தையாருடன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். கெய்ரோ, மக்கா, மதீனா, திமிஷ்க் என்னும் டமாஸ்கஸ் ஆகிய நகரங்களைக் கண்டு, பக்தாதில் ஜீலானீ (ரஹ்) அவர்களின் ஜியாரத்தையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஓர் ஆலிமாக, ஸாவியாவின் முற்றத்தில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டு காலம் கழிப்பதே அவர்களுடைய விருப்பமாக இருந்தது. அதற்குப் பிரான்ஸ் இடம் கொடுக்கவில்லை.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அல்ஜீரியாவிலிருந்து வாங்கிய கோதுமைக்கான கடனைப் பிரான்ஸ் தீர்க்காமல் இழுத்தடித்தது. 1827இல் அல்ஜியர்ஸின் ஆட்சியாளரான தே ஹுஸைன், அதுபற்றிக் கேட்டும் தக்க விடை கிடைக்காத ஆத்திரத்தில் பிரெஞ்சுத் தூதரைத் தம் கையிலிருந்த விசிறியால் அடித்துவிட்டார். இந்த அவமதிப்பைக் காரணம் காட்டி 1830 ஜூன் மாதம் பிரெஞ்சுப் படை கரையிறங்கியது. ஜூலை 5ஆம் நாள் அல்ஜியர்ஸ் வீழ்ந்தது. கடன்பட்டவன் கடன் கொடுத்தவனின் வீட்டையே எடுத்துக்கொண்டான் என்று இதைச் சொல்வதில் தவறில்லை என்றே எண்ணுகிறோம்.

துருக்கியரின் ஆட்சி அகன்ற பின் மேற்குப் பகுதிக் கோத்திரத்தார், தலைமை ஏற்குமாறு ஷைகு முஹ்யித்தீன் அவர்களை வேண்டினர். முதுமையைக் காரணம் காட்டி மறுத்த அவர்கள் தம் மகனை முன்னிறுத்தினார்கள். 1832 நவம்பர் 27 அன்று கிரீஸ் சமவெளியில் ஒரு மரத்தடியில் கோத்திரத் தலைவர்கள் பைஅத் செய்தனர். அப்போது அமீர் அவர்களுக்கு வயது 24. அந்த வயதில் நம் பிள்ளைகளிடம் ஒரு கடையின் பொறுப்பை ஒப்படைக்கவே நாம் தயங்குகிறோம்!

பதினைந்து ஆண்டுப் போர்

போர் விவரங்களை விரித்தால் மலரின் பக்கங்கள் போதா. 1834இல் ஓர் உடன்படிக்கை, 1835 ஜூனில் மக்தா என்னுமிடத்தில் அமீர் படைக்குப் பெரு வெற்றி, ஆண்டு முடிவதற்குள் மஸ்கரா பறிபோதல், 1836இல் ஸிக்காக் போர்க்களத்தில் தோல்வி என மாறி மாறி நடந்தது. 1837 மே 30 அன்று தளபதி புஜோவுடன் கையெழுத்தான தஃப்னா உடன்படிக்கையின்படி அல்ஜீரியாவின் உட்பகுதியில் பெரும் பரப்பு அமீர் அவர்களின் ஆளுகைக்கு வந்தது. ஆனால் அவ்வுடன்படிக்கையின் அரபு வாசகமும் பிரெஞ்சு வாசகமும் ஒன்றாக இல்லை. பின்னர் மூண்ட சண்டைக்கு அந்த வேறுபாடே வித்தாயிற்று.

இடையில் கிடைத்த இரண்டரை ஆண்டு அமைதியில் அவர்கள் ஓர் அரசையே கட்டினார்கள். நாட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கலீஃபாவை நியமித்தார்கள். ஷரீஅத் அனுமதித்த ஜகாத்தும் உஷ்ரும் அரசு வருவாயின் அடிப்படை ஆயின. காழிகளுக்குச் சம்பளம் வழங்கப்பட்டது. தாகிதம்த் என்னும் ஊரில் கோட்டையும் ஆயுதப் பட்டறையும் நாணயச் சாலையும் எழுந்தன. அங்கேயே பெரியதொரு நூலகம் அமைக்கவும் ஏடுகளைத் திரட்டினார்கள். பிரெஞ்சுக்காரருடன் பேச்சுவார்த்தை நடத்துவதற்கு பென் துரான் என்ற யூதரைத் தம் முகவராக வைத்துக்கொண்டார்கள். திறமையும் நம்பகமும் உள்ளவரை மதம் பார்த்து விலக்கும் வழக்கம் அவர்களிடம் இருக்கவில்லை.

1839இல் போர் மீண்டும் மூண்டது. 1841இல் தலைமை ஆளுநராக வந்த புஜோ, படையை வெல்வதைவிட மக்களை வதைப்பதே எளிது என்று கண்டுகொண்டார். விளைந்த பயிர் எரிக்கப்பட்டது; களஞ்சியங்கள் சூறையாடப்பட்டன; கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. 1845 ஜூனில் தஹ்ரா மலைக் குகைகளுக்குள் ஒதுங்கிய ஊலத் ரியாஹ் கோத்திரத்தாரை, ஆண், பெண், குழந்தை என்று பாராமல், குகை வாயில்களில் தீ மூட்டிப் புகையாலேயே கொன்றார் பெலிஸ்ஸியே என்னும் அதிகாரி. மாண்டவர்கள் பல நூற்றுவர்.

கோட்டைகளை ஒவ்வொன்றாக இழந்த அமீர் அவர்கள், ஸ்மாலா எனப்பட்ட கூடார நகரத்தையே தலைநகராகக் கொண்டு இடம் விட்டு இடம் பெயர்ந்தார்கள். பல்லாயிரம் பேர் வாழ்ந்த அந்தக் கூடார நகரமும் 1843 மே 16 அன்று, அமீர் அவர்கள் அங்கில்லாத நேரத்தில், பிரெஞ்சு இளவரசர் ஓமால் கோமகனின் குதிரைப் படையிடம் வீழ்ந்தது. அரும்பாடுபட்டுச் சேர்த்த கிதாபுகள் சிதறிப்போயின. எதிரியின் கையில் சிக்கிய செல்வத்தைக் காட்டிலும் அந்தக் கிதாபுகளின் இழப்பே அந்த ஆலிமின் உள்ளத்தை வருத்தியது.

கைதிகள்

அந்நாளைய போரில் எதிரியின் தலையைக் கொய்து வருபவனுக்கு வெகுமதி கொடுக்கும் வழக்கம் இரு தரப்பிலும் இருந்தது. அமீர் அவர்கள் அதைத் தடுத்தார்கள். கைதியை உயிருடன் கொண்டு வருபவனுக்கே பரிசு என்றார்கள். கொண்டுவரப்பட்ட கைதி துன்புறுத்தப்பட்டிருந்தால், கொண்டுவந்தவன் பரிசு இழப்பதோடு தண்டனையும் பெறுவான். பெண் கைதிகள் தாயார் ஸுஹ்ரா அம்மையாரின் பொறுப்பில் விடப்பட்டனர்.

1841இல் அல்ஜியர்ஸின் ஆயர் துய்புஷ், கைதியாகிவிட்ட ஒருவரை அவர் குடும்பத்தாருக்காக விடுவிக்கும்படி கடிதம் எழுதினார். வந்த மறுமொழி ஆயரைத் திகைக்க வைத்தது. ஒருவரை மட்டும் கேட்டது ஏன், எல்லாக் கைதிகளையும் கேட்டிருக்கலாமே என்றும், பிரெஞ்சுச் சிறைகளில் வாடும் முஸ்லிம்களுக்காகவும் அவ்வாறே பேசுவதுதானே மார்க்கப் பெரியவர் ஒருவருக்கு அழகு என்றும் அமீர் அவர்கள் எழுதியிருந்தார்கள். ஆயர் அதை ஏற்றார். அவ்வாண்டு மே மாதம் கைதிகள் பரிமாறிக்கொள்ளப்பட்டனர். தம்மிடமுள்ள கிறிஸ்தவக் கைதிகளின் வழிபாட்டிற்காகப் பாதிரியார் ஒருவரை அனுப்புமாறும் அமீர் அவர்கள் ஆயரைக் கேட்டுக்கொண்டார்கள். அன்று தொடங்கிய அந்த நட்பு ஆயரின் இறுதிக் காலம் வரை நீடித்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. 1846 ஏப்ரலில் அமீர் அவர்கள் வெகு தொலைவில் இருந்தபோது, முகாமின் பொறுப்பிலிருந்த அவர்களின் மைத்துனர், உணவின்றி எதிரி சூழ்ந்த நெருக்கடியில், பிரெஞ்சுக் கைதிகள் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டார். அமீர் அவர்களின் ஆணை அதில் இல்லை. ஆயினும் அவர்களின் கொடியின் கீழ் நடந்தது அது. பெரியோர்களின் சரிதையை எழுதுவோர் இத்தகைய பக்கங்களைக் கிழித்துவிடுகிறார்கள். குகையில் புகை மூட்டியவரைக் குறை சொல்லும் நாம் இதையும் சொல்லியே ஆக வேண்டும்.

வாக்கு

அண்டை நாடான மொராக்கோவின் சுல்தான் முதலில் அடைக்கலம் தந்தார். 1844 ஆகஸ்டில் இஸ்லீ போரில் பிரான்ஸிடம் தோற்றபின் அவரே அமீர் அவர்களை எதிர்க்கத் தொடங்கினார். முன்னால் பிரெஞ்சுப் படை, பின்னால் மொராக்கோப் படை. பெண்டு பிள்ளைகளையும் காயம்பட்டவர்களையும் அழைத்துக்கொண்டு எங்கே செல்வது? 1847 டிசம்பர் இறுதியில் அமீர் அவர்கள் சரணடைய இசைந்தார்கள். அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ குடும்பத்தோடு அனுப்பிவைக்க வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை. தளபதி லாமோரிசியேர் வாக்குக் கொடுத்தார். ஓமால் கோமகன் அதை உறுதி செய்தார்.

கப்பல் போய்ச் சேர்ந்த இடமோ பிரான்ஸின் துலோன் துறைமுகம். ஓரிரு மாதத்தில் அங்கே மன்னராட்சி கவிழ்ந்து குடியரசு வந்தது. புதிய அரசு பழைய வாக்கைக் கண்டுகொள்ளவில்லை. துலோன் கோட்டையிலிருந்து போ நகருக்கும், 1848 நவம்பரில் அம்புவாஸ் கோட்டைக்கும் குடும்பத்தினர், தோழர்கள், பணியாளர்களோடு மாற்றப்பட்டார்கள். பிரான்ஸிலேயே செல்வச் செழிப்போடு தங்கிவிடலாம், கொடுத்த வாக்கிலிருந்து எங்களை விடுவித்தால் போதும் என்று ஆசை காட்டப்பட்டது. அமீர் அவர்கள் மறுத்துவிட்டார்கள். பொருளையெல்லாம் கொட்டிக் கொடுத்தாலும் அந்த வாக்கை விற்பதற்கில்லை என்பதே அவர்களின் நிலை. பாலைநிலத்து வெயிலில் பழகிய உடல்களுக்குக் கற்கோட்டையின் ஈரமும் குளிரும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்புவாஸில் மட்டும் 25 பேர் மவுத்தானார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. கோட்டைத் தோட்டத்திலேயே அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர்.

சிறையில் ஐவேளைத் தொழுகையும் பாடமும் தவறவில்லை. காணவந்த பாதிரியார்களும் படைத்தலைவர்களும் அமீர் அவர்களுடன் மார்க்கம் பேசிவிட்டு நண்பர்களாகத் திரும்பினர். ஆயர் துய்புஷ் கோட்டைக்கு வந்து பார்த்ததோடு நில்லாமல், அவர்களை விடுவிக்க வேண்டுமென்று நூலொன்றும் எழுதி வெளியிட்டார். கைதிகளுக்காகப் பேசுவது மார்க்கப் பெரியவரின் கடமை என்று எட்டாண்டுகளுக்கு முன் தமக்கு எழுதியவருக்காகவே இப்போது அவர் பேச நேர்ந்தது.

1852 அக்டோபர் 16 அன்று லூயி நெப்போலியன் நேரில் அம்புவாஸ் வந்து விடுதலையை அறிவித்தார். இனி அல்ஜீரியாவில் பிரான்ஸுக்கு எதிராகப் போர் தொடுப்பதில்லை என்று அமீர் அவர்கள் எழுத்தில் உறுதி தந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த வாக்கு ஐந்தாண்டுகள் மீறப்பட்டது. அவர்கள் கொடுத்த வாக்கு முப்பதாண்டுகள், உயிர் பிரியும்வரை காக்கப்பட்டது. 1871இல் அல்ஜீரியாவில் பெருங்கிளர்ச்சி எழுந்து, தம் சொந்த மகனே அதில் சேரப் புறப்பட்டபோதும் அவர்கள் வாக்கின் பக்கமே நின்று மகனைக் கண்டித்தார்கள். அந்த மக்கள் பக்கம் நின்றிருக்கக் கூடாதா என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. உடன்படிக்கையை மீறுவதற்கு எதிரியின் துரோகத்தைச் சாக்காகக் கொள்வதில்லை என்ற முடிவை அவர்கள் எடுத்தார்கள், அதன் விலையையும் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்லி அப்பால் செல்கிறோம்.

திமிஷ்கில் ஒரு ஜூலை மாதம்

முதலில் துருக்கியின் புர்ஸா நகரில் தங்கினார்கள். 1855இல் அங்கே நிலநடுக்கம் ஏற்பட்டபின் திமிஷ்கில் குடியேறினார்கள். உமையாப் பள்ளிவாசலில் பாடம் நடத்தினார்கள். ஷைகுல் அக்பர் இப்னு அரபீ (ரஹ்) அவர்களின் நூல்களில் ஆழ்ந்தார்கள். 'ஃபுதூஹாத்துல் மக்கிய்யா' என்னும் பெருநூலை, கூனியாவில் இருந்த மூலப் பிரதியுடன் ஒப்பிட ஆலிம்களை அனுப்பி, அச்சேற்றுவதற்கான செலவையும் ஏற்றார்கள். நாட்டைத் துறந்து வந்த அல்ஜீரியர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் அவர்களைச் சுற்றி வாழ்ந்தனர்.

1856இல் உஸ்மானிய சுல்தான் பிறப்பித்த ஆணை, முஸ்லிமல்லாத குடிகளுக்குச் சம உரிமை வழங்கியது. ஐரோப்பிய வணிகத்தால் கிறிஸ்தவருள் சிலர் செழித்தனர். பழைய கைத்தொழில்கள் நலிந்தன. படைவரி பற்றிய சச்சரவும் சேர்ந்துகொண்டது. உள்ளூரப் புகைந்த பகை, 1860 கோடையில் லெபனான் மலையில் துரூஸ்களுக்கும் மரோனியக் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட போரால் திமிஷ்கிலும் பற்றிக்கொண்டது. அமீர் அவர்கள் ஆளுநர் அஹ்மத் பாஷாவையும் நகரப் பெரியோர்களையும் முன்கூட்டியே எச்சரித்தார்கள். உரிய பாதுகாப்பு செய்யப்படவில்லை.

ஜூலை 9ஆம் நாள் காலை. சிலுவை அடையாளங்களைத் தெருவில் வரைந்து இழிவு செய்த சில இளைஞர்களைப் பிடித்து, தெருவைக் கூட்டும்படி தண்டனை விதித்தனர் அதிகாரிகள். அதைக் கண்டு கடைத்தெரு கொதித்தது. சிறிது நேரத்தில் கூட்டம் கிறிஸ்தவக் குடியிருப்புக்குள் புகுந்து கொளுத்தவும் கொல்லவும் தொடங்கியது. காவலுக்கு நின்ற படைவீரர்கள் விலகிக்கொண்டனர். சிலர் கொள்ளையிலும் சேர்ந்துகொண்டனர்.

அமீர் அவர்கள் தம் மக்களையும் அல்ஜீரியத் தோழர்களையும் சந்து சந்தாக அனுப்பினார்கள், தாமும் இறங்கினார்கள். கிறிஸ்தவர்களே, எங்களோடு வாருங்கள் என்று அழைத்தவாறு எரியும் தெருக்களுக்குள் சென்று, கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். பிரெஞ்சு, ருஷ்ய, கிரேக்கத் தூதர்கள் வந்தனர். பாதிரிமார்களும் கன்னிமார்களும் அவர்கள் வளர்த்த பிள்ளைகளும் வந்தனர். வீடு நிரம்பியது, முற்றம் நிரம்பியது, அண்டையிலிருந்த அல்ஜீரியரின் வீடுகளும் நிரம்பின. பின்னர் அவர்களைக் கூட்டம் கூட்டமாக நகரக் கோட்டைக்குக் காவலுடன் அனுப்பி, காலியான இடத்தில் அடுத்தவர்களை ஏற்றுக்கொண்டார்கள்.

கலகக்காரர்கள் வாசலுக்கே வந்து, பதினைந்து ஆண்டுகள் கிறிஸ்தவர்களை எதிர்த்துப் போரிட்ட தாங்களா இவர்களைக் காப்பது என்று கேட்டனர். தமது போர், நாட்டைப் பறிக்க வந்த படையுடன் நடந்தது. குற்றமற்ற குடிகளைக் கொல்வதற்கு மார்க்கத்தில் இடமில்லை. தம் தோழர்களில் ஒருவர் உயிரோடு நிற்கும்வரை அடைக்கலம் புகுந்தவர்களில் ஒருவரையும் தர முடியாது என்பதே அமீர் அவர்கள் அளித்த விடையின் சாரம். சொல்லிவிட்டுத் தோழர்களை ஆயுதத்தோடு அணிவகுக்கச் செய்தார்கள். கூட்டம் கலைந்தது.

அடுத்து அவர்கள் செய்ததை எண்ணும்போதெல்லாம் வியப்படைகிறோம். உயிருடன் ஒரு கிறிஸ்தவரைக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்கு ஐம்பது பியாஸ்தர் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். கொள்ளைக்குப் புறப்பட்டவனும் கொல்வதைவிடக் கொண்டுவருவதே இலாபம் என்று எண்ணும்படி செய்துவிட்டார்கள். வீட்டு வாசலில் பாய் விரித்து, பக்கத்தில் பணப்பையை வைத்துக்கொண்டு அவர்களே அமர்ந்தார்கள். கண்ணயர்ந்ததும் அந்தப் பாயிலேதான். அல்ஜீரியப் போர்க்களத்தில் உயிருள்ள கைதிக்குப் பரிசு வைத்த அதே வழியை அவர்கள் திமிஷ்கின் தெருவிலும் கையாண்டார்கள் என்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள்.

அமீர் அவர்கள் மட்டும் காத்தார்கள் என்று எழுதுவதும் முழு உண்மையாகாது. மைதான் பகுதி முஸ்லிம்களும் தம் பகுதிக் கிறிஸ்தவர்களைத் தொடவிடாமல் காத்தனர். இவ்வாறு காத்தவர்கள் இருந்தும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கிறிஸ்தவக் குடியிருப்பு சாம்பலாயிற்று. அமீர் அவர்களாலும் தோழர்களாலும் தப்பியவர்களின் தொகையும் பல்லாயிரம். பிறகு சுல்தானின் அமைச்சர் ஃபுஆத் பாஷா வந்து விசாரித்து, நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார். கடமை தவறிய ஆளுநர் அஹ்மத் பாஷாவும் அவ்வாறே சுட்டுக் கொல்லப்பட்டார்.

உலகெங்கிலுமிருந்து சிறப்புகள் குவிந்தன. பிரான்ஸ் தன் உயரிய விருதை அளித்தது. உஸ்மானிய சுல்தான், போப்பாண்டவர், ருஷ்ய அரசு, கிரேக்க அரசு என அனைவரும் பதக்கம் அனுப்பினர். அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் இரண்டு கைத்துப்பாக்கிகளை அனுப்பினார். இவற்றையெல்லாம் விட நம் உள்ளத்தைத் தொடுவது வேறொரு மடல். காக்கேசிய மலைகளில் ருஷ்யரை எதிர்த்து நெடுங்காலம் போரிட்டுச் சிறைப்பட்டு, ருஷ்யாவின் கலூகா நகரில் இருந்த இமாம் ஷாமில் (ரஹ்) அவர்கள் அங்கிருந்து எழுதியது அது. உடன்படிக்கையின் கீழ் வாழும் குடிகளுக்கு அநீதி இழைப்பவனுக்கு எதிராக மறுமையில் தாமே வழக்காடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நினைவூட்டி, அதன்படி நடந்தமைக்காக அமீர் அவர்களை அவர்கள் பாராட்டினார்கள். தம் மண்ணை இழந்த ஒரு முஜாஹித், தம் மண்ணை இழந்த மற்றொரு முஜாஹிதுக்கு எழுதிய கடிதம். அமீர் அவர்களும் மறுமொழி எழுதினார்கள். அல்ஜியர்ஸின் அடுத்த ஆயர் பாவி நன்றி தெரிவித்து எழுதியபோது, ஷரீஅத்தும் மனிதர்க்குரிய கடமையும் விதித்ததையே செய்ததாகச் சுருக்கமாக விடையளித்தார்கள்.

சிரியாவில் அவர்களைத் தலைவராக்கி அரபு அரசொன்றை அமைக்கலாம் என்ற யோசனை பாரிஸில் எழுந்தது. அவர்கள் அதில் நாட்டம் காட்டவில்லை. மீண்டும் ஹஜ்ஜுக்குச் சென்று ஹரம் ஷரீபில் நெடுநாள் தங்கினார்கள். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறப்பு விழாவில் சிறப்பு விருந்தினராகக் கலந்துகொண்டார்கள். மற்றபடி பாடமும் திக்ரும் ஏழைகளுக்கு ஈதலுமாக நாட்கள் கழிந்தன. அந்தப் பாடங்களின் விளைவே 'கிதாபுல் மவாகிஃப்' என்னும் அவர்களின் தஸவ்வுஃப் நூல்.

1883 மே 26 அன்று திமிஷ்கை அடுத்த தும்மர் என்னுமிடத்தில் அமீர் அவர்கள் வஃபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஸாலிஹிய்யாவில் இப்னு அரபீ (ரஹ்) அவர்களின் கப்ருக்கு அருகில் நல்லடக்கம் நடந்தது. 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபின், 1960களின் நடுவில் அவர்களின் உடல் தாயகத்திற்குக் கொண்டுவரப்பட்டு, அல்ஜியர்ஸின் ஆலியா மையவாடியில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அவர்களோடு சிறைப்பட்டு மவுத்தான அந்த 25 பேரும் பிரான்ஸின் அம்புவாஸ் கோட்டைத் தோட்டத்திலேயே துயில்கின்றனர். 2005இல் அவர்களுக்கென நினைவுக் கற்கள் அங்கே நாட்டப்பட்டன.